அழிக்க முன்னம் மூன்று இடம் பாருங்கோ

தேத்தண்ணி ஆறட்டும், நாங்கள் ஆறுதலாகக் கதைப்போம். லப்டொப்பில் இசை அமைக்கும் யாழ்ப்பாணத் தீவகத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று: "அண்ணை, நேற்று வரைக்கும் வேலை செய்த வயலின் இண்டைக்குச் சத்தம் போடேல்லை. என்ன செய்ய?" கிடைக்கிற பதில் எங்கும் ஒன்றுதான்: அழித்துப்போட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணு. கொழும்பில் ஃபைபர் இணைப்போடு இருப்பவருக்கு அது ஒரு மாலைநேர வேலை. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டிய நெடுந்தீவில், ஃபோன் டேட்டாவில் இரவிரவாக இறக்கிய 20, 30 ஜிபி வாத்தியக் கோப்புகளை அழிக்கச் சொல்வது பெரிய கொடுமை. அதிலும் பத்தில் ஒன்பது தடவை அந்தக் கோப்புகளில் ஒரு பழுதும் இருக்காது.

அந்தக் கோப்புகள் ஏன் அவ்வளவு பெரிசு என்று முதலில் பார்ப்போம். இளையராஜா 2005இல் திருவாசகத்தைச் சிம்பொனியாக்கியபோது புடாபெஸ்ட் வாத்தியக் குழு வாசித்தது. 2025 மார்ச் 8இல் அவருடைய சிம்பொனியை லண்டனில் ரோயல் ஃபில்ஹார்மொனிக் வாசித்தது. ஊர்காவற்துறையில் குறும்படத்துக்கு இசை போடும் பிள்ளைக்கு அப்படியொரு குழு கிடைக்காது. அதனால் பெரிய குழுவின் ஒவ்வொரு சுரத்தையும் பதிந்து விற்கும் சாம்பிள் லைப்ரரிதான் வழி. ஸ்பிட்ஃபயர் நிறுவனம் பிபிசி சிம்பொனி வாத்தியக் குழுவை லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவில் பதிந்து 2019இல் வெளியிட்டது. அதன் சிறிய பதிப்பு ஏறத்தாழ 200 எம்பி. முழுப் பதிப்போ 600 ஜிபி அளவில் இருக்கிறது. காரணம் எளிது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலி நொடிக்கு 288 கிலோபைட் பிடிக்கும். பத்து நொடிச் சுரம் ஒன்று கிட்டத்தட்ட 3 எம்பி. அதையே மெதுவாக, நடுத்தரமாக, பலமாக, வில்லை நீட்டி, வில்லைக் குத்தி, பல மைக்கில் என்று பதிந்தால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கோ.

இந்தப் பெரிய சாமான் வேலை செய்ய மூன்று இணைப்புகள் சரியாக இருக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர், மோட்டர், வீட்டுக்குள் வரும் குழாய் மாதிரி. எதில் அறுந்திருக்கிறது என்று பாராமல் கிணற்றையே தூர்ப்பதுதான் அந்த "அழித்துப் போடு".

முதலாவது இணைப்பு: கியூபேஸ், எஃப்எல் ஸ்டூடியோ, ரீப்பர் என்று நீங்கள் எதில் வேலை செய்கிறீர்களோ அந்த மென்பொருளுக்கு, லைப்ரரியை வாசிக்கும் ப்ளக்-இன் தெரிகிறதா? பட்டியலிலேயே பெயர் இல்லையென்றால் சிக்கல் இங்கேதான். விண்டோஸில் ப்ளக்-இன்களின் விஎஸ்டி3 கோப்புகளுக்கு வழக்கமான இடம் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் கொமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3. அங்கே கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்கேன் பண்ணுங்கோ. முந்திய ஸ்கேன் இடையில் குழம்பியிருந்தால் மென்பொருள் அந்த ப்ளக்-இன்னைத் தடைப்பட்டியலில் போட்டிருக்கும், அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். பழைய 32 பிட் ப்ளக்-இன் என்றால் கியூபேஸ் 9இலிருந்து அது ஓடாது. இதற்கு மேல் இங்கே நிற்கத் தேவையில்லை.

இரண்டாவது இணைப்பில்தான் அதிகம் பேர் மாட்டுப்படுகிறார்கள். ப்ளக்-இன் திறக்கிறது, ஆனால் "சாம்பிள் காணவில்லை" என்று ஒரு பட்டியலைக் காட்டுகிறது. பயப்பட வேண்டாம், சாம்பிள் எங்கும் போகவில்லை. வெளி ஹாட் டிஸ்க்கில் லைப்ரரியை வைத்திருக்கிறீர்கள். நேற்று அதற்கு விண்டோஸ் 'ஈ' என்று எழுத்துக் கொடுத்தது. இண்டைக்கு முதலில் ஒரு பென் டிரைவைச் செருகியதால் ஹாட் டிஸ்க் 'எஃப்' ஆகிவிட்டது. ப்ளக்-இன் இன்னும் 'ஈ'யில் தேடிக்கொண்டிருக்கிறது. டிஸ்க் மனேஜ்மென்ட்டில் போய் அந்த ஹாட் டிஸ்க்குக்கு 'எஸ்' மாதிரி ஒரு பின்வரிசை எழுத்தை நிரந்தரமாகக் கொடுங்கோ, புதிதாகச் செருகும் எதுவும் அதைப் பிடிக்காது. பிறகு ஒருமுறை புதிய இடத்தைக் காட்டினால் போதும். பல லைப்ரரிகளை ஓட்டும் கொன்டாக்ட் ப்ளக்-இன் என்றால் அந்தப் பட்டியலிலேயே ஃபோல்டரைக் காட்டலாம், காட்டிய பின் 'பேட்ச் ரீசேவ்' கொடுத்தால் அடுத்தமுறை கேட்காது.

இலவசக் கொன்டாக்ட் பிளேயரில் இன்னொன்று உண்டு. முழுக் கொன்டாக்ட்டுக்காகச் செய்த லைப்ரரியை அதில் திறந்தால் 15 நிமிடம் வாசித்துவிட்டு நின்றுவிடும். அது பழுதே இல்லை, உரிமம் அப்படி. லைப்ரரி தேடும்போதே அது பிளேயரில் ஓடுமா என்று பார்த்து எடுங்கோ.

மூன்றாவது இணைப்புத்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இங்கே எதுவுமே கெட்டிருக்காது. சாம்பிள் ஏறிவிட்டது, கட்டையை அழுத்துகிறீர்கள், சத்தமில்லை. முதலில் மொட்யுலேஷன் சக்கரத்தைப் பாருங்கோ. பெரும்பாலான ஓர்க்கெஸ்ட்ரா லைப்ரரிகளில் வயலினின் பலம் நீங்கள் கட்டையை அடிக்கும் வேகத்தில் இல்லை, சிசி1 என்கிற அந்தச் சக்கரத்தில் இருக்கிறது. அது சுழியத்தில் கிடந்தால் வயலின் மூச்சுவிடும் அளவுக்குக் கூடக் கேட்காது. சக்கரமே இல்லாத சின்ன கீபோர்டில் இது அடிக்கடி நடக்கும். அப்போது திரையில் எலியால் சிசி1ஐ வரைந்துவிடுங்கோ. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சிசி11ஐயும் ஒருக்கால் பாருங்கோ.

அடுத்தது வாத்தியத்தின் எல்லை. வயலினின் ஆகக் கீழ்ச் சுரம் ஒரு ஜி. அதற்குக் கீழே உண்மையான வயலினே வாசிக்காது, அங்கே அழுத்தினால் சத்தம் வராது. கொன்டாக்டில் வாசிக்கக்கூடிய கட்டைகள் பெரும்பாலும் நீலமாகவும், வாசிப்பு முறையை மாற்றும் கட்டைகள் சிவப்பாகவும் இருக்கும். அந்தச் சிவப்புக் கட்டைகள் தரும் தலையிடி வேறு. பாட்டின் தொடக்கத்தில் 'நீட்டி வாசி' என்று ஒரு சிவப்புக் கட்டையை எழுதியிருப்பீர்கள். நடுவிலிருந்து பிளே பண்ணினால் அந்தக் கட்டளையைத் தாண்டிவிடுகிறது, வயலின் முந்திய முறையிலேயே குத்திக் குத்தி வாசிக்கும். ஒவ்வொரு பகுதித் தொடக்கத்திலும் அந்தக் கட்டையைத் திரும்ப எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

சத்தம் வருகிறது, ஆனால் பொரிகிறது என்றால் கதை வேறு. சாம்பிள் முழுவதையும் ரேமில் ஏற்ற முடியாது. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு துண்டு, உதாரணமாக 60 கிலோபைட், மட்டும் ரேமில் இருக்கும். மேலே சொன்ன கணக்கில் அது ஐந்தில் ஒரு நொடி. அந்த ஐந்தில் ஒரு நொடிக்குள் டிஸ்க் மிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். சுழலும் பழைய ஹாட் டிஸ்க்குக்கு ஒரு சுரம் பரவாயில்லை, நாற்பது சுரம் ஒன்றாக வந்தால் மூச்சு முட்டும். எஸ்எஸ்டியில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இல்லாவிட்டால் முடிந்த பகுதியை ஒலிக்கோப்பாக மாற்றி ஃப்ரீஸ் பண்ணுங்கோ. மென்பொருளின் ஒலி அமைப்பில் பஃபரையும் கூட்டலாம். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 என்றால் தாமதம் 11.6 மில்லிநொடி, 1024 என்றால் 23. வாசிக்கும்போது குறைத்தும், கலக்கும்போது கூட்டியும் வையுங்கோ.

மின்சாரமும் இதில் சேர்த்தி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நீண்டகாலமாக டீசல் ஜெனரேட்டரில் ஓடிவந்தவை. 2024 மார்ச்சில் இந்திய உதவியோடு சூரிய, காற்றுக் கலப்பு மின் திட்டத்துக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. எதில் ஓடினாலும் கரண்ட் போனால் லப்டொப் பட்டரிக்கு மாறும், விண்டோஸ் உடனே பிராசசரை மெதுவாக்கும், பொரியல் தொடங்கும். பவர் ஒப்ஷனில் பட்டரிக்கும் உயர் செயல்திறனைத் தெரிவு செய்தால் இது குறையும், பட்டரி கெதியாகக் குறையும் என்பது அதன் விலை.

கமகம் கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேணும். லைப்ரரியில் லெகாட்டோ என்று இருப்பது இரண்டு சுரத்துக்கிடையே மேலைக் கலைஞர் வாசித்த நழுவல்தான், எங்கள் அசைவு அதில் இல்லை. லெகாட்டோவை விட்டு, நீட்டி வாசிக்கும் முறையை எடுத்து, பிட்ச் பெண்டின் எல்லையைக் கூட்டிக் கையால் அசைத்துப் பாருங்கோ, ஓரளவு வரும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாப் படத்துக்கு இசை என்றால் அதையும் விட்டு, நாதஸ்வரக் கலைஞர் ஒருவரை நேரில் பதிந்துவிடுங்கோ. யாழ்ப்பாணத்தில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

உண்மையாகவே கோப்பு கெட்டிருந்தால் மட்டும் திரும்ப இறக்குவது. அதற்கும் முதலில், லைப்ரரியை இறக்கித் தந்த செயலியில் 'ரிப்பேர்' பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கோ. முழுவதும் வேண்டுமென்றால் யாழ் நகரில் நல்ல இணைப்புள்ள நண்பரின் வீட்டில் உங்கள் கணக்கில் இறக்கி, ஹாட் டிஸ்க்கில் ஏற்றி வள்ளத்தில் கொண்டுபோங்கோ. அந்த ஹாட் டிஸ்க்கை எக்ஸ்ஃபாட்டிலோ என்டிஎஃப்எஸ்ஸிலோ வைத்திருங்கோ, ஃபாட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. வீட்டில் அதே செயலியில் 'லொகேட்' கொடுத்து இடத்தைக் காட்டினால் மிச்ச வேலைக்குச் சின்ன டேட்டாக் கார்டே காணும்.