லேசர் சிகிச்சைக்குப் பிறகும் ஸ்கேன் அவசியம்

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர் கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை, இணைப்புக் குழாய்கள் வழியே ஒரு சிசுவின் இரத்தம் மற்றதற்குக் கூடுதலாகப் போய்விடுகிறது. அக்குழாய்களை மருத்துவர்கள் லேசரால் அடைக்கிறார்கள்.

ஆனால் மெல்லிய குழாய் ஒன்று மிஞ்சினாலும், ஒரு சிசுவுக்கு இரத்தசோகை ஏற்பட்டு, மற்றதன் இரத்தம் கெட்டியாகலாம். தாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். சிசுவின் மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் அதைக் காட்டிக்கொடுக்கும். சோகையுள்ள சிசுவிடம் வேகம் கூடும், மற்றதிடம் குறையும்.

முதல் இரு வாரங்கள் வாரம் ஒருமுறை, நிலைமை சீரானதும் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்வது வழக்கம். தாசேக் கெலுகோர் தாய்மார்களே, பெரிய மருத்துவமனை தூரம் என்று குறித்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.