இருபதுக்கு ஒன்று வாங்கிய டீச்சர்

நியூயார்க் மாநிலத்தின் கிரேட் நெக் ஊரில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஷெரி லெடர்மேன். 2012-13 கல்வியாண்டில் அவருடைய மாணவர்களின் ‘வளர்ச்சி’யைக் கணக்கிட்டு மாநிலக் கல்வித் துறை அவருக்குப் போட்ட மதிப்பெண் 20க்கு 14. அடுத்த ஆண்டு 20க்கு 1! இத்தனைக்கும், அவருடைய பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளிலும் மாநிலச் சராசரியைவிட நன்றாகவே தேர்வு எழுதியிருந்தார்கள்.

கோளாறு கணக்கில். ஒரு மாணவர் முன்பு வாங்கிய மதிப்பெண், குடும்ப வறுமை போன்றவற்றை வைத்து, இந்த ஆண்டு எவ்வளவு வாங்குவார் என்று கணினி ஊகிக்கும். அதற்கு மேல் போனால் பெருமை ஆசிரியருக்கு. குறைந்தால் பழியும் அவருக்கே. ஏற்கெனவே உச்சியில் இருக்கும் பிள்ளை இன்னும் எங்கே ஏறுவது? சிறிய வகுப்பில் தேர்வு நாளன்று நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தால்கூட டீச்சரின் எண் சரிந்துவிடும்.

லெடர்மேன் வழக்குப் போட்டார். வாதாடியவர் அவருடைய கணவர். அந்த மதிப்பெண் தன்னிச்சையானது என்று 2016 மே மாதம் நீதிமன்றம் ரத்து செய்தது.

டெக்சாஸின் ஹூஸ்டனில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே சூத்திரம் ஒரு தனியார் நிறுவனத்தின் வணிக ரகசியம். தன் மதிப்பெண் சரிதானா என்று ஆசிரியர் போட்டுப் பார்க்க வழியில்லை. ஒருவருக்கு நேர்ந்த பிழையைத் திருத்தினால் மற்றவர்களின் மதிப்பெண்ணும் மாறக்கூடும் என்பதால் மறுகணக்கும் கிடையாது. வேலையைப் பறிக்கக்கூடிய எண் இது! ஆசிரியர் சங்கம் நீதிமன்றம் போனது. சரிபார்க்க முடியாத மதிப்பெண்ணைக் காட்டி யாரையும் நீக்குவதில்லை என்று 2017இல் பள்ளி நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது.

அதற்காக, ஆசிரியர் யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து, நல்ல ஆசிரியரிடம் படித்தவர்கள் பெரியவர்களானதும் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று காட்டினார்கள். ஆனால் தேர்வு மதிப்பெண் ஏற்ற இறக்கத்தில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் எச்சரித்தது. லட்சக்கணக்கானோரின் சராசரியில் தெரியும் உண்மையை ஒரு தனி டீச்சரின் தலையில் கட்டுவதுதான் தவறு.

சரி, மாணவர்களையே கேட்டுவிடலாமா? அமெரிக்க விமானப்படை அகாடமியில் நடந்த ஆய்வொன்றில், மாணவர்கள் மெச்சிய பேராசிரியர்களிடம் படித்தவர்கள் அடுத்த கட்டப் பாடத்தில் பின்தங்கினார்கள். அனுபவம் மிக்கவர்களிடம் படித்தவர்கள் முந்தினார்கள்.

நியூயார்க் 2019இல் சட்டத்தை மாற்றியது. ஆசிரியர் மதிப்பீட்டில் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணைச் சேர்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இப்போது அங்கே இல்லை.