மருந்தை மறுக்கும் குழந்தை

நிலைகொள்ளாது துடிக்கும் குழந்தைகளுள் சிலருக்கு மருந்து துணைபுரியும் என்பதை 1937-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி எடுத்துக்காட்டினார். இன்று தாராவி, மாதுங்கா வாழ் தமிழர்க்கு அருகிலேயே சயான் மருத்துவமனையின் மனநலப் பிரிவு உள்ளது. ஆயினும், மருந்துச் சீட்டு கைக்கு வந்தபின் இல்லத்தில் வேறொரு போராட்டம் தொடங்குகிறது.

மாத்திரையைப் பொடித்துப் பாயசத்தில் மறைத்துவிட நாம் முற்படுகிறோம். சில மாத்திரைகள் பல மணி நேரம் சிறிது சிறிதாகக் கரையுமாறு அமைந்தவை. பொடித்தால் முழு மருந்தும் ஒருங்கே உடலிற் கலந்துவிடும். மருத்துவரைக் கேளாமல் பொடிக்கலாகாது. அன்றியும், கசப்பைக் கண்டுகொண்ட குழந்தை பிறகு அன்னத்தையும் ஐயுறும், அன்னையையும் ஐயுறும்.

மருந்து எதற்கென்று எளிய சொற்களில் கூறிவிடுவோம். எந்தக் குவளையில் நீர் வேண்டும் என்பதைக் குழந்தையே தேர்ந்துகொள்ளட்டும். குறும்பு செய்யும்போதெல்லாம் 'மாத்திரை தின்றாயா?' என்று பிறர்முன் கேளாதிருப்போம். மருந்து தண்டனையன்று.