கதவு திறக்கவில்லை என்றால் கிடங்கு காலி என்று பொருளல்ல
ஒரே கம்ப்யூட்டரில் மூன்று ஆபரேட்டிங் சிஸ்டம்: ஒரு மொத்த வியாபாரியின் அனுபவம்



பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு விருதுநகரில் தந்தையாரின் பருப்பு மண்டியில் உட்கார்ந்தவன் நான். நாள்வழியும் பேரேடும் எழுதிப் பழகிய கை இது. இவனுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு ராத்திரி நான் பட்ட பாட்டை மற்ற வியாபாரிகள் படக்கூடாது என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கட்டிடத்தில் கீழே மண்டி, மேலே வீடு. வீட்டுக் கம்ப்யூட்டர்தான் மண்டிக்கும் கணக்கெழுதும். 1996-ல் உள்ளூர்ப் பையன் ஒருவர் எழுதிக் கொடுத்த டாஸ் புரோகிராமில்தான் இருபது வருடத்துக்கு மேல் எங்கள் பேரேடு இருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது புதுப் புரோகிராமுக்கு மாறினோம். பழையதை அழித்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

2019-ல் ஒரு சம்பவம் நடந்தது. எங்களிடம் வெகுகாலம் சரக்கெடுத்த கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் காலமாகியிருந்தார். அவருடைய மகன் வந்து, "அப்பா பாக்கி ஏதும் இருந்தால் சொல்லுங்கள் அண்ணாச்சி, தீர்த்துவிடுகிறேன்" என்றார். பழைய கணக்கைத் திறந்து பார்த்தால், 2009-ல் அவர் கட்டிய முன்பணத்தில் ரூ.18,400/- எங்கள் பக்கம் நிற்கிறது! அவர் பாக்கி வைக்கவில்லை, நான்தான் வைத்திருக்கிறேன். பணத்தை அவர் மகன் கையில் கொடுத்த அன்றே, பழைய கணக்கை ஒருநாளும் அழிப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஜிஎஸ்டி சட்டமும் ஆண்டு ரிட்டர்னுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்கச் சொல்கிறது.

ஒரு வீட்டில் மூன்று குடித்தனம்

அந்த டாஸ் புரோகிராம் 32-பிட் விண்டோஸில்தான் ஓடும். 64-பிட் விண்டோஸில் அதற்கு இடமில்லை. எங்களிடம் இருந்தது 32-பிட் விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. பாங்க் வேலையையும் ஜிஎஸ்டி வேலையையும் அதில் செய்வது ஆபத்து என்பதால், பழையதை எடுக்காமல் பக்கத்திலேயே 64-பிட் விண்டோஸ் 10 போட்டோம். அதே வருடம் பேத்தி என்ஜினீயரிங் சேர்ந்தாள். ஊரடங்கில் வீட்டிலிருந்தே படிப்பு. அவளுக்கு லினக்ஸ் வேண்டியிருந்தது. அதுவும் வந்தது. இது ஒன்றும் புதுமையல்ல. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது.

இதை நமது தொழில் பாஷையில் சொல்கிறேன். ஹார்டு டிஸ்க் ஒரு கிடங்கு. அதைத் தடுப்புச் சுவர் வைத்துப் பிரிப்பதுதான் பார்ட்டிஷன். வாசலில் ஒரு காவல்காரன். ஸ்விட்சைப் போட்டதும் "எந்த அறைக்குப் போக வேண்டும்?" என்று கேட்டுக் கதவைத் திறந்து விடுபவன் அவன். அவனைத்தான் பூட் லோடர் என்கிறார்கள்.

எங்களுடையது போன்ற பழைய பயாஸ் கம்ப்யூட்டரில் அந்தக் காவல்காரன் முதலில் நிற்கும் இடம் வெறும் 512 பைட். அதில் 446 பைட் அவனுக்கு, 64 பைட் அறைகளின் பட்டியலுக்கு. ஒரு அறையின் விவரத்துக்கு 16 பைட் என்றால் நான்கு அறைக்குத்தான் இடம். எங்கள் டிஸ்கில் ஏற்கெனவே நான்கும் நிறைந்திருந்தது. ஒன்றைக் காலி செய்து, அதையே பெரிய கூடமாக்கி, கூடத்துக்குள் புதுத் தடுப்புகள் வைத்தாள் பேத்தி. காலி செய்யுமுன் அதிலிருந்த எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் பிரதி எடுத்துக் கொண்டாள்.

வரிசையும் முக்கியம். பழைய விண்டோஸ் முதலில், புதிய விண்டோஸ் அடுத்தது, லினக்ஸ் கடைசி. விண்டோஸ் வரும்போது வாசலில் நிற்பவனைக் கேளாமலே மாற்றித் தன் ஆளை நிறுத்தும். புது விண்டோஸின் ஆளுக்குப் பழைய விண்டோஸைத் தெரியும், லினக்ஸைத் தெரியாது. லினக்ஸின் காவல்காரனான கிரப், எல்லா அறையையும் தேடிப் பட்டியலில் சேர்த்துக் கொள்ளும். 2021-க்குப் பிந்தைய சில பதிப்புகளில் இந்தத் தேடுதல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். பட்டியலில் விண்டோஸ் வரவில்லை என்றால் பதற வேண்டாம். தேடுதலை இயக்கிப் பட்டியலைப் புதுப்பித்தால் வந்துவிடும்.

இரண்டு சில்லறைத் தொல்லைகள்

2021 ஏப்ரல் 1, விடியற்காலை 5 மணிக்கு லாரி புறப்பட வேண்டும். பில் அடித்தால் தேதி மார்ச் 31 என்று வருகிறது. போன நிதியாண்டு! கணக்கப்பிள்ளை பார்த்திராவிட்டால் அப்படியே போயிருக்கும். முந்தின இரவு பேத்தி லினக்ஸில் படித்திருக்கிறாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் நம் ஊர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி. ஆகவே காலை 5 மணி, முந்தின நாள் இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. லினக்ஸையும் ஊர் நேரத்தையே வைக்கும்படி ஒரே ஒரு கட்டளை கொடுத்தாள், தீர்ந்தது.

அடுத்தது, விண்டோஸ் 10-ன் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. நாம் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசாக மூடுவதில்லை. ஷட்டரைப் பாதி இறக்கி, பேரேட்டை விரித்தபடியே வைத்துவிட்டுப் போகும். அந்த நேரம் வேறு சிஸ்டத்தில் நுழைந்து அதே அறையில் எழுதினால் ஃபைல்கள் கெடலாம். லினக்ஸ் இதைக் கண்டுகொண்டு 'பார்க்கலாம், எழுதக்கூடாது' என்று தடுத்துவிடும். பவர் ஆப்ஷனில் போய் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும்.

அந்த ஒரு ராத்திரி

2021 நவம்பர். கல்லூரி திறந்து பேத்தி கோவை ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். "டிஸ்கில் இடமில்லை முதலாளி" என்றார் கணக்கப்பிள்ளை. நானே உட்கார்ந்து பார்த்தேன். பார்ட்டிஷன் பட்டியலில் பெயரில்லாத அறை ஒன்று, 80 ஜிபி. திறக்கவும் முடியவில்லை. காலி என்று நினைத்து டெலீட் கொடுத்துவிட்டேன். அது பேத்தியின் லினக்ஸ் அறை. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாததால் பெயரில்லாமல் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் மறுபடி ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் நிற்கிறது. விண்டோஸ் 7 இல்லை, 10 இல்லை. மறுநாள் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிக் கொண்டு ஓடினேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "டிஸ்க் போச்சு, ஃபார்மட்தான் செய்ய வேண்டும்" என்றார்கள். 1996 முதலான கணக்கு கண் முன்னால் வந்தது. கை நடுங்கியது. வேண்டாம் என்று திரும்பத் தூக்கி வந்துவிட்டேன்.

இரவு 10 மணிக்குப் பேத்திக்குப் போன் போட்டுச் செய்ததை ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவளுடைய புராஜெக்ட் அந்த அறையில்தான் இருந்ததாம். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், "தாத்தா, காவல்காரனின் சாமான் பாதி என் அறையில் இருந்தது. அறை போனதால் அவனுக்கு வழி தெரியவில்லை. உங்கள் கணக்கு அப்படியே இருக்கும். பீரோவில் சிவப்புப் பென் டிரைவ் இருக்கிறது, எடுங்கள்" என்றாள்.

அதில் விண்டோஸ் 10 இருந்தது. அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, 'இன்ஸ்டால்' என்பதைத் தொடாமல், கீழே 'ரிப்பேர்' என்பதில் நுழைந்து, கட்டளைத் திரையைத் திறக்கச் சொன்னாள். பி, ஓ, ஓ, டி, ஆர், ஈ, சி என்று அவள் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் ஒற்றை விரலால் அடித்தேன். 'பூட்ரெக்', ஒரு இடைவெளி, சாய்கோடு, 'ஃபிக்ஸ்எம்பிஆர்'. இவ்வளவுதான். வாசலில் விண்டோஸின் காவல்காரன் திரும்ப நின்றான். மறுபடி ஸ்விட்சைப் போட்டதும் விண்டோஸ் 10, விண்டோஸ் 7 இரண்டும் வரிசையாக வந்தன. ரிட்டர்ன் மறுநாள் காலையே போய்விட்டது.

"அந்தக் காலி இடத்தில் ஒன்றும் எழுதிவிடாதீர்கள் தாத்தா" என்று மட்டும் கெஞ்சினாள். டெலீட் செய்தால் பட்டியலில் பெயர்தான் அழியும், மேலே வேறு எழுதாதவரை சரக்கு உள்ளே இருக்கும் என்றாள். அந்த வார இறுதியில் வந்து, 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவசப் புரோகிராமால் அந்த அறையை மீட்டெடுத்தாள். ஃபார்மட்டுக்குச் சம்மதித்திருந்தால் என் பேரேடும் அவள் படிப்பும் சேர்ந்தே போயிருக்கும்.

புதுக் கம்ப்யூட்டர் வைத்திருப்போர் கவனத்துக்கு

விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஏறாது. அதில் 32-பிட் பதிப்பும் கிடையாது. ஆகவே இந்தப் பிரச்சினை இனி பல கடைகளில் வரும். புது வகைக் கம்ப்யூட்டரில் பயாஸுக்குப் பதில் யு.இ.எஃப்.ஐ. விண்டோஸ் அதில் 128 பார்ட்டிஷன் வரை அனுமதிக்கிறது. நான் செய்த பூட்ரெக் வைத்தியம் அதற்குப் பொருந்தாது. மேலும் அவற்றில் 'பிட்லாக்கர்' பூட்டு இருக்கலாம். வாசலில் மாற்றம் செய்தால் 48 இலக்கச் சாவி எண் கேட்கும். எண் இல்லையேல் கணக்கைத் திறக்க வழியில்லை.

நான் கடைப்பிடிக்கும் முறைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

1. பார்ட்டிஷனில் கை வைக்குமுன் கணக்கை வெளி டிஸ்கில் பிரதி எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள்.

2. எந்த அறையில் எது இருக்கிறது, எத்தனை ஜிபி என்று தாளில் எழுதிக் கம்ப்யூட்டரின் மேல் ஒட்டுங்கள். நான் ஒட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

3. பிட்லாக்கர் சாவி எண்ணைக் கல்லாப் பெட்டி டைரியில் குறித்து வையுங்கள்.

4. ரிப்பேர் செய்யும் பென் டிரைவ் ஒன்று எப்போதும் பீரோவில் இருக்கட்டும்.

5. கூடுமானால் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி டிஸ்க் போடுங்கள். பங்காளிகளுக்குத் தனி வாசல் இருந்தால் சண்டை குறைவு.

6. ரிட்டர்ன் கட்டும் வாரத்தில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள்.

கிடங்குச் சாவி தொலைந்தால் பூட்டுக்காரனைக் கூப்பிடுவோமே தவிர, சரக்கை யாரும் கொளுத்த மாட்டோம். ஃபார்மட் என்று யாராவது சொன்னால், "வாசல் கெட்டதா, சரக்கு கெட்டதா?" என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் கையில் டிஸ்கைக் கொடுக்காதீர்கள்.