எழுத்தாளர்க்கு ஏது நிலம்?

பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலே ஒரு வித்தியாஸ்தானம், அதாவது உயர்கல்விச் சாலை, விளங்கிற்று. மூன்று ஊர்களின் வருவாய் அதற்கு அளிக்கப்பட்ட செய்தியை நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடு கூறுகிறது. உழவர் விளைத்த நெல் கல்விக்குச் சோறிட்டது.

இன்று நூலாசிரியருக்கு அத்தகைய ஊர் ஏது? விற்கும் ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் சிறு பங்கே அவருக்கு நிலம். வில்லியனூர் மாணவர் ஒருவர் அந்நூலின் கள்ளப்படியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். மூலநூல் இருந்த இடத்திலேயே இருக்கிறதே, களவு எங்கே என்று அவர் வாதிடலாம். ஆசிரியரின் பங்கு போயிற்று அன்றோ?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் காவல் தருகிறது. அறிந்தே மீறுவோர்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. வாணிப ஆதாயம் கருதாதவர்க்கு நீதிமன்றம் இதனைக் குறைக்கலாம். ஆனால் கள்ளத் தளத்தை நடத்துவோர் பெரும்பாலும் கைக்கு எட்டுவதில்லை. நீதிமன்றம் தளத்தை முடக்கினால், களைபோல் வேறு பெயரில் முளைக்கிறது.

நூல் விலை ஏழை மாணவர்க்கு எட்டாது என்பதும் மெய்யே. சொந்தப் படிப்புக்கு நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டமே இடந்தருகிறது. ஒருவர் படைப்பு முழுவதும் எல்லார்க்கும் பொதுவாக வேண்டுமெனில் அதற்கும் முறையுண்டு. புதுவையில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியாரின் படைப்புகளுக்குரிய உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்றது. குடும்பத்தினருக்குப் பணம் அளித்தது. பின்னரே அவை பொதுவுடைமையாயின.