பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறினால் நண்டுத் தீவு வரும், தெரியுமா?

கோலாலம்பூர் போனீர்களா? இரட்டைக் கோபுரம், பத்துமலை, வாழையிலைச் சாப்பாடு, மறுநாள் விமானம். அவ்வளவுதானே? போச்சு! நகரத்துக்கு மேற்கே கடல் வரைக்கும் விரிந்து கிடக்கும் நாட்டுப்புறத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்!

பிரிக்பீல்ட்ஸிலிருந்தே தொடங்குவோம். பெயருக்குள் செங்கல் ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் சூறையாடின. அத்தாப்பு ஓலைக் கூரை போதும், இனி செங்கல்லும் ஓடும்தான் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட, இங்கே சூளைகள் முளைத்தன. சூளைக்குப் பின்னே ரயில், ரயிலுக்குப் பின்னே யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவில் அவர்கள் கொண்டுவந்ததுதான்!

பக்கத்திலேயே கேஎல் சென்ட்ரல். கொமுட்டர் ரயிலில் ஏறி உட்காருங்கள். 1886-இல் இந்தப் பாதை திறந்தபோது கிள்ளான் ஊருக்குள் ரயில் போகவே இல்லை, தெரியுமா? குறுக்கே ஆறு! புக்கிட் கூடாவிலேயே நின்றுவிட்டது. பாலம் கட்டி அக்கரை சேர 1890 ஆயிற்று.

கிள்ளானில் இறங்கினேன். கடைக்காரம்மா, "பசியாறிட்டீங்களா, தம்பி?" என்றார். பசியா, இப்போதா என்று விழித்தேன். காலைப் பலகாரத்துக்கு இங்கே பெயரே பசியாறல்! சாப்பிட்டு முடித்ததும் அடுத்த திகைப்பு: "ஆறு வெள்ளி." இட்லிக்கு வெள்ளியா கொடுப்பது? ரிங்கிட்டைத்தான் இங்குள்ள தமிழர் வெள்ளி என்கிறார்கள். நாம் 'டிபன் ரெடியா' என்று கேட்டுக்கொண்டிருக்க, கடல் தாண்டிப் போனவர்கள் பசியாறுகிறார்கள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இதே ஊரின் பா குட் தே 2024-இல் தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்டது. பெயரில் 'தே' உண்டு, கிண்ணத்தில் தேயிலை கிடையாது; பன்றி விலாவெலும்பும் மூலிகையும் கொதித்த சாறு!

ரயில் முடிகிற இடம் போர்ட் கிள்ளான். அங்கிருந்து படகேறினால் புலாவ் கெத்தாம், அதாவது நண்டுத் தீவு. தீவில் ஒரு கார்கூட இல்லை! சேற்றில் ஊன்றிய கால்களின் மேல் வீடு, கடை, கோவில், பள்ளிக்கூடம், எல்லாமே! கடல் ஏறினால் வீட்டுக்கடியில் தண்ணீர், இறங்கினால் வீட்டுக்கடியில் சேறு, சேற்றில் நண்டு. குறுகலான நடைபாதையில் சைக்கிளும் மின்சைக்கிளும் உரசிக்கொண்டு பறக்கின்றன. ஒதுங்க இடமில்லாமல் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நான் ஏறி நின்றதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெற்கே கேரித் தீவு. எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் பெயர். இப்போது எண்ணெய் தரும் செம்பனைக் காடு. அதற்குள்ளே மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். நீரெ பாத்து மரத்தில் அவர்கள் செதுக்கும் ஆவி முகமூடிகள் உலகப் புகழ் பெற்றவை. ஹரி மோயாங் நாளில் முன்னோருக்குப் படையல் வைத்து, முகமூடி போட்டு ஆடுகிறார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற நமக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை!

செம்பனை என்றதும் ஒன்று. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்! ஆமாம், சுத்தத் தமிழ்! 1917-இல், கோல சிலாங்கூர்ப் பக்கம். நட்டது ஆப்பிரிக்கப் பனை, தோட்டத்தின் பெயரோ தென்னை. நட்டவரோ பிரெஞ்சுக்காரர், ஹென்றி ஃபோக்கொனியே. இவரே பின்னாளில் 'மலேசி' என்ற நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார்!

மாலையில் கோல சிலாங்கூரின் மலாவத்தி குன்று. வெள்ளி நிறக் குரங்குகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. சாம்பல் நிறத் தாயின் மடியில் குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு! சில மாதங்களில் அதுவும் தாயின் நிறத்துக்கு வந்துவிடுமாம்.

இருட்டியதும் கம்போங் குவந்தானில் துடுப்புப் படகு. மோட்டார் இல்லை, பேச்சும் இல்லை. கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள், அதுவும் ஆயிரக்கணக்கில்! அதைவிட ஆச்சரியம், தனித்தனியாக மினுக்காமல் தாளம் பிசகாமல் சேர்ந்து மினுக்குகின்றன, விநாடிக்கு ஏறத்தாழ மூன்று தடவை. பெண்ணை அழைக்க ஆண்கள் போடும் சமிக்ஞை அது. புழுவாக இருக்கையில் ஆற்றங்கரைச் சேற்றில் நத்தை தின்று வளர்ந்த பூச்சியா இது! போன் விளக்கைப் போட்டுவிடாதீர்கள், அவற்றின் கச்சேரி கலைந்துவிடும்.

படகோட்டி மெல்லச் சொன்னார்: "கெலிப்-கெலிப்." மலாயில் இதுதான் பெயர். நாமும் மின், மின் என்று இரண்டு தடவைதானே சொல்கிறோம்!