மகளுக்கு ஒரு கல்வெட்டு

போரிலே பிள்ளைகளை இழந்த தாய்மாரைப் பற்றி நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். நோயினால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அக்கூட்டங்களில் பெரும்பாலும் மௌனமாகவே இருந்துவிடுகிறார்கள். “ஷெல்லடியில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் இருக்கும்போது நான் எதைச் சொல்லி அழுவது?” என்ற தயக்கம் அவர்களுக்கு. “உனக்குப் பக்கத்திலிருந்து பார்க்கவாவது கிடைத்ததே” என்று ஊராரும் சொல்லிவிடுவார்கள். ஆறுதலுக்காகச் சொல்லப்படும் அந்த வார்த்தை தாயின் வாயை அடைத்துவிடுகிறது. வன்னிக் கிராமங்களில் சமூகப் பணியாளராக வேலை செய்யும் நான் இதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்ட வேளைகளில் சிலி நாட்டு எழுத்தாளர் இசபெல் அலெண்டேயின் கதையை நான் பெண்கள் குழுக்களில் சொல்வதுண்டு. 1973இல் சிலியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. கவிழ்க்கப்பட்ட ஜனாதிபதி சல்வடோர் அலெண்டே இவரது தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரர். 1975இல் இவரும் குடும்பமும் வெனிசுவேலாவில் தஞ்சம் புகுந்தனர். மகள் பவுலா அப்போது சிறுமி. வளர்ந்த பின் உளவியல் கற்று, வறிய மக்களிடையே தொண்டு செய்தாள். 1991 டிசம்பரில் ஸ்பெயினின் மட்ரிட் நகரில் இருந்தபோது, போர்பிரியா என்னும் பரம்பரை நோய் முற்றி நினைவிழந்தாள்.

மகள் கண் விழித்தால் வாசிக்கட்டும் என்று, வைத்தியசாலையிலிருந்தே குடும்பக் கதையைக் கடிதமாக எழுதத் தொடங்கினார் தாய். மூளை பாதிக்கப்பட்ட மகள் மீளவில்லை. கலிபோர்னியாவிலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுவந்து பராமரித்தார். 1992 டிசம்பர் 6ஆம் திகதி பவுலா காலமானாள். வயது 29. தாய் எழுதியவை 1994இல் ‘பவுலா’ என்ற நூலாக வெளிவந்தன. அந்நூலின் வருமானத்தைக் கொண்டு, பெண்களுக்கும் சிறுமியருக்கும் உதவும் நிதியமொன்றை 1996இல் அவர் நிறுவினார். நாட்டை இழந்த துயரமும் மகளை இழந்த துயரமும் அந்நூலில் அருகருகே இருக்கின்றன. ஒன்றுக்காக மற்றதை அவர் மறைக்கவில்லை.

“அவ எழுத்தாளர். எங்களுக்கு எங்கே எழுத வரும்?” என்று பெண்கள் கேட்பார்கள். நம்மிடமும் இந்த வழக்கம் உண்டு. 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு வெளியிடுகிறோமே! இறந்தவர் பிறந்தது, வளர்ந்தது, வாழ்ந்தது எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் வாழ்ந்து முடித்த பெரியவர்களுக்கே. பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு யார் கல்வெட்டு அடிக்கிறார்கள்?

ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டிருந்த தாயொருவர் முதன்முறையாகப் பேசினார். 2004இல் அவரது மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. ஏ9 பாதை திறந்திருந்த காலமாதலால் மகரகம வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல முடிந்தது. தாய்க்குச் சிங்களம் தெரியாது. விடுதியிலிருந்த சிறுமிகளிடம் மகள் சிங்களம் பழகி, தாதியர் சொல்வதைத் தாய்க்கு விளங்கப்படுத்தினாள். “வருத்தம் மாறாது எண்டு அவளுக்கு முதலே விளங்கிட்டுது. அதை மட்டும் எனக்குச் சொல்லேல்லை” என்றார் தாய். அடுத்த வருடம் மகள் இறந்தாள். அவளது படங்களும் கொப்பிகளும் 2009 இடப்பெயர்வில் தொலைந்துபோயின.

அன்று தாய் சொல்லச் சொல்ல, குழுவிலிருந்த ஓர் இளம்பெண் 80 பக்கக் கொப்பியில் எழுதினாள். நோயைப் பற்றிய பகுதி கொஞ்சம்தான். மாமரத்தில் ஏறி அடி வாங்கியது, கணக்குப் பாடத்துக்குப் பயந்தது, தம்பி வேண்டுமென்று கேட்டது என்று மீதியெல்லாம் அவள் வாழ்ந்த கதை. அக்கா இறந்த பின் பிறந்த கடைசி மகன் அந்தக் கொப்பியை வாசித்துவிட்டு, அக்காவைப் பற்றித் தாயிடம் கேட்கத் தொடங்கினான். அதுவரை அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லையாம்.

சகோதரிகளே, உங்கள் அயலிலும் இப்படியொரு தாய் இருக்கலாம். பிள்ளை எப்படி இறந்தாள் என்று கேட்காமல், எப்படி இருந்தாள் என்று கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். அவர் அழுதால் தடுக்க வேண்டாம். நீண்ட நாட்களாக உண்ணாமலும் உறங்காமலும் இருந்தால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.